மலையில் மிச்சம், கடற்கரையில் செலவு: ஒரு கோஸ்டர் வண்டியின் எண்ணெய்க் கணக்கு

கேமரன் மலைக்குப் போய் வந்தால் டீசல் லிட்டருக்கு 5.9 கி.மீ. தெலுக் பாத்திக் கடற்கரைக்குப் போய் வந்தால் 5.0. நோட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. 1,400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய மலைப்பாதையில் வண்டி குறைவாகக் குடிக்கிறது; சங்காட் ஜெரிங்கில் இறங்கி லூமுட் போகும் தட்டையான சாலையில் அதிகமாகக் குடிக்கிறது. ஒரு தடவை என்றால் கை தவறி எழுதியது என்று விட்டுவிடலாம். பக்கம் பக்கமாக இதே கதை.

வண்டிக்குச் சொந்தக்காரர் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவியும் ஆசிரியையாக இருந்தவர். பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, ஏர்கோன் (குளிர்சாதனம்) எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கிவிட்டார்கள். இஞ்சின் 1எச்.இசட்: ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர், டர்போ கிடையாது. டீசல் பம்ப் முழுக்க இயந்திர வகை. கணினி இல்லாததால் சராசரியைக் காட்டும் திரையும் இல்லை. இந்த வண்டியின் மைலேஜைத் தெரிந்துகொள்ள மனிதன்தான் கணக்குப் போட வேண்டும்.

சார் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம், பிறை நகரில் ஒரு லோரி நிறுவனத்தில் பல காலம் எண்ணெய்க் கணக்கு பார்த்தவன் நான். வண்டி முன்பு லிட்டருக்கு 7 கி.மீ. கொடுத்ததாகவும், இப்போது 5-க்கு இறங்கிவிட்டதாகவும் சொன்னார். பட்டறையில் டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டரையும் பம்பையும் மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். செலவு ஆயிரக்கணக்கில். கறுப்புப் புகை இல்லை, காலையில் முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட வண்டியின் இஞ்செக்டரில் கை வைப்பதற்கு முன்னால், அந்த 7-உம் 5-உம் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதுதான் முறை.

7 வந்த வழி

பழைய நோட்டில் லிட்டர் என்ற பத்தியே இல்லை. வெள்ளிதான் (ரிங்கிட்) இருந்தது. நம் ஊரில் எண்ணெய் ஊற்றுகிற பழக்கமே அப்படி: கவுன்டரில் 100 வெள்ளி கொடுத்து பம்ப் எண்ணைச் சொல்லிவிட்டு வருவோம். தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசாகவே நின்றிருந்தவரை இதில் பெரிய தொல்லை இல்லை. 100 வெள்ளிக்கு 46.5 லிட்டர். அதில் பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போய்த் திரும்பலாம், ஏறத்தாழ 300 கி.மீ.

2024 ஜூன் 10-ஆம் தேதி டீசலுக்கான அரசு உதவித்தொகை முறை மாறி, விலை ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசானது. அதே 100 வெள்ளிக்கு அப்போது 29.9 லிட்டர்தான். ஈப்போவிலிருந்து திரும்பி வரும் வழியில் எண்ணெய் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பிறகு விலை வாரா வாரம் மாறத் தொடங்கியதால், வெள்ளியை வைத்துப் போடுகிற எந்தக் கணக்கும் அடுத்த வாரம் செல்லாது. சார் இதை உணராமல் இல்லை. அதற்குப் பிறகுதான் லிட்டரை எழுத ஆரம்பித்தார். ஆனால் ஒப்பிடுவதற்கு வைத்திருந்த பழைய 7 மட்டும் வெள்ளிக் காலத்து எண்ணாகவே தங்கிவிட்டது. “பாதி டேங்க்”, “முக்கால் டேங்க்” என்று முள்ளைப் பார்த்து எழுதியவற்றிலிருந்து பிழிந்தெடுத்த எண் அது.

ரசீதுகளை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், டீச்சர் அவற்றைக் கத்தை கத்தையாக ரப்பர் போட்டு டேஷ்போர்டில் வைத்திருந்தார். வெயிலில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாகிவிட்டன. சூட்டில் எழுத்து வருகிற அந்த வகைத் தாளில் வெயில் பட்டால் எழுத்து அழிந்தும் போகும். பம்ப் பக்கத்தில் நிற்கும்போதே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஆக, 7 என்பது அளந்த எண் அல்ல. அதை ஓரமாக வைத்துவிட்டு, புதிய நோட்டில் லிட்டரோடு எழுதிய 5.9-ஐயும் 5.0-ஐயும் எடுத்துக்கொண்டோம்.

ஓடிய தூரம் உண்மைதானா

மைலேஜ் என்பது ஒரு வகுத்தல். மேலே தூரம், கீழே லிட்டர். எல்லாரும் கீழே உள்ளதையே சந்தேகப்படுவார்கள். மேலே உள்ளது டயர் மாறினால் மாறும் என்பதை மறந்துவிடுவார்கள்.

இந்த வண்டியில் மாறியிருந்தது. முன்பு டயர் அளவு 205/85ஆர்16, இப்போது 215/85ஆர்16. பாரம் தாங்கட்டும் என்று ஒரு அளவு பெரியதாகப் போட்டிருக்கிறார்கள். எண்களை விரித்தால் பழைய டயரின் விட்டம் 755 மில்லிமீட்டர், புதியது 772. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 2.25 விழுக்காடு கூடுதலாக முன்னேறுகிறது. தூரம் காட்டும் மீட்டருக்கு இது தெரியாது. அது கியர்பாக்ஸ் சுற்றுகளை மட்டும் எண்ணிப் பழைய டயரின் கணக்கிலேயே கிலோமீட்டரைக் காட்டும். 100 கி.மீ. ஓடினால் 98-க்குக் கொஞ்சம் கீழே.

விட்டத்தை வைத்துப் போடும் கணக்கை நம்பி நிறுத்திக்கொள்ளக் கூடாது. பாரம் ஏறியதும் டயர் அமுங்கும். தேய்ந்தாலும் விட்டம் குறையும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் பலகைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தினோம். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து தெற்கு நோக்கி எண்கள் கூடிக்கொண்டே போகும். ஜூரு டோல் சாவடியைத் தாண்டி, பாரிட் புந்தார் பக்கமாகப் போகும் அந்தத் தட்டையான பகுதியில் 50 கி.மீ. எடுத்தோம். சார் ஓட்டினார். டீச்சர் மீட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே வந்தார். பலகை பக்கக் கண்ணாடிக்கு நேராக வரும்போது நான் குரல் கொடுத்தேன். பத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடைசிச் சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பிறகு படத்தை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். சிறிய வேலைதான். ஆனால் ஓட்டுகிறவரே குனிந்து பார்த்து எழுதும் எண்ணைவிட இது பல மடங்கு மேல், உயிருக்கும் நல்லது.

பலகைப்படி 50. மீட்டர் காட்டியது 48.8. பெருக்க வேண்டிய எண் 1.0246. டயர் கணக்கு சொன்ன 2.25-க்கும் இதற்கும் உள்ள சிறு வித்தியாசம் மீட்டரின் பிறவிக் குணமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நமக்குத் தேவை இந்த ஒரு பெருக்கெண்தான்.

கைப்பேசியின் ஜி.பி.எஸ். போதாதா என்று சார் கேட்டார். நேரான நெடுஞ்சாலையில் போதும். மலைப்பாதையில் அது புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டு வளைவுகளை நறுக்கிவிடும்; நெடுஞ்சாலையின் மெனோரா சுரங்கத்துக்குள் வானமே தெரியாது. பெருக்கெண்ணைக் கண்டுபிடிக்க உதவும், நாள்தோறும் தூரம் எழுத மீட்டரே மேல்.

நிரம்பியது என்றால் எது வரை

லோரி கணக்கில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான். ஒவ்வொரு தடவையும் விளிம்பு மட்டம் வரை நிரப்பினால்தான் படி அரிசி ஒரே அளவாக வரும். ஒரு நாள் தலைதட்டி, ஒரு நாள் கூம்பாக அளந்தால் கணக்கு எப்படி நிற்கும்? டேங்க்கும் அப்படித்தான். முதல் தடவை எந்தக் கோடு வரை நிரப்பினோமோ, கடைசித் தடவையும் அதே கோடு வரை நிரப்பினால்தான் இடையில் ஊற்றிய லிட்டரெல்லாம் எரிந்த லிட்டர் ஆகும்.

டீசல் நுரைக்கும். லோரிகளுக்கான வேகமான நோசிலில் ஊற்றினால் நுரை கழுத்து வரை பொங்கி, நோசில் ‘டக்’ என்று தானாக நின்றுவிடும். டேங்க் நிறைந்துவிட்டது என்று மூடிவிட்டுப் போகிறோம். ஐந்து நிமிடத்தில் நுரை அடங்கியதும் உள்ளே பல லிட்டருக்கு இடம் இருக்கும். அடுத்த தடவை மெதுவான நோசிலில் ஊற்றினால் அந்த இடமும் சேர்ந்து நிரம்பும். வண்டி திடீரென்று அதிகம் குடித்ததாகத் தோன்றும்.

தரையும் ஏமாற்றும். மழைத்தண்ணீர் வழிந்தோட எண்ணெய் நிலையத்துத் தரை சற்றே சாய்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டேங்க் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், எண்ணெய் வாய் இருக்கும் ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ஒன்றரை செ.மீ. உயர வித்தியாசம். அளவில் 3 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு நாள் இந்தப் பக்கம் பார்த்தும் மறு நாள் எதிர்ப்பக்கம் பார்த்தும் நிறுத்தினால் வித்தியாசம் 6 லிட்டரைத் தாண்டும். 30 லிட்டர் ஊற்றிக் கணக்குப் போடுகிறவருக்கு 6 லிட்டர் என்பது ஐந்தில் ஒரு பங்கு. அவர் போட்டது மைலேஜ் கணக்கே இல்லை, தரையின் சாய்வுக் கணக்கு.

அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே நிலையம், ஒரே பம்ப், ஒரே திசை என்று வைத்துக்கொண்டோம். கடைசி 10 லிட்டரை நோசிலைப் பாதி அழுத்தி மெதுவாக விட்டு, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி விட்டு, முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். கழுத்து வரை முட்ட முட்ட ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. டீசல் ஒரு பாகை சூட்டுக்கு ஆயிரத்தில் 0.83 பங்கு விரியும். 95 லிட்டர் டேங்க் 10 பாகை சூடேறினால் முக்கால் லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். இஞ்சினிலிருந்து திரும்பி வரும் டீசல் சூடாகத்தான் வருகிறது.

நடுவில் வேறு ஊரில் ஊற்றுவது பற்றிக் கவலை வேண்டாம். ஈப்போவில் எந்தச் சாய்வில் நின்று ஊற்றினாலும், லிட்டரை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். குறை விழுவது தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் மட்டும். நடுவில் உள்ளவை கூட்டலில் சேர்ந்துவிடும். பலரும் ஒவ்வொரு தடவை ஊற்றியதற்கும் தனித்தனியாக மைலேஜ் போட்டு, பிறகு அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள். சாரின் நோட்டும் அப்படித்தான். மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே கணக்கு. தூரம் நீள நீள, இரண்டு முனையில் உள்ள 2 லிட்டர் குறை கரைந்துகொண்டே போகும்.

பம்பே குறைவாகக் காட்டினால்? எடையளவுச் சட்டத்தின் கீழ் முத்திரையிட்ட பம்ப் நூற்றுக்கு அரை லிட்டர் எல்லைக்குள் இருக்க வேண்டியது. ஒரே பம்ப்பைப் பயன்படுத்தும்போது அந்தக் குறையும் மாறாமல் இருக்கும். டீசலில் பாம் எண்ணெய் கலப்பதால்தான் மைலேஜ் விழுகிறது என்று டீக்கடையில் ஒருவர் சாரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாம் டீசலில் லிட்டருக்கு வெப்பம் 8 விழுக்காடு அளவு குறைவு என்பது சரிதான். ஆனால் பி10 என்பது 10 விழுக்காடு, பி7 என்பது 7 விழுக்காடு பாம் டீசல் கலந்தது; வித்தியாசம் 3 விழுக்காடு கலப்பு. 3-இல் 8 விழுக்காடு என்றால் மொத்தத்தில் கால் விழுக்காடு. மைலேஜுக்காக விலை கூடக் கொடுத்து பி7 வாங்குவதில் அர்த்தமில்லை.

ராத்திரி குடித்தது யார்

இவ்வளவும் சேர்த்தாலும் மலைக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கவில்லை. டயர் இரண்டு பயணத்துக்கும் பொது, நிலையமும் பொது.

“தம்பி, மலை ஏறுனா கொஞ்சமா குடிக்குது, கடலுக்குப் போனா நிறைய குடிக்குது. இது என்ன கூத்து?” என்றார் சார்.

“ராத்திரி ஏர்கோன் எதுல சார் ஓடுது?”

“ஜெனரேட்டர்ல. அது தனி இஞ்சின்பா.”

“இஞ்சின் தனி. எண்ணெய்?”

டீச்சர்தான் முதலில் சிரித்தார். கேமரன் மலையின் தானா ராத்தாவில் இரவு குளிருக்குப் போர்வை தேடுவார்கள். ஏர்கோன் தொடுவதே இல்லை. தெலுக் பாத்திக்கில் இரவு முழுக்க ஓடும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் தெரிந்தது. ஜெனரேட்டருக்கு ஒரு கிளைக் குழாய் பெரிய டேங்க்கிலிருந்தே போகிறது. கட்டியவர் கெட்டிக்காரர், டேங்க்குக்குள் அந்தக் குழாயைக் கட்டையாக வெட்டி வைத்திருக்கிறார். கால் டேங்க்குக்கு வந்ததும் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும், வீடு திரும்ப எண்ணெய் மிஞ்சும்.

எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க, டேங்க்கிலிருந்து அதைப் பிரித்து ஒரு 10 லிட்டர் கேனில் விட்டோம். உறிஞ்சும் குழாயை மட்டும் கேனில் விட்டால் கணக்கு தப்பாகும். டீசல் இஞ்சின் தேவைக்கு மேல் உறிஞ்சி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பும் குழாய் பெரிய டேங்க்கிலேயே இருந்தால் எரியாத எண்ணெயும் எரிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு குழாயையும் ஒரே கேனுக்குள் விட்டோம். பெரிய இஞ்சினுக்கு, குழாயில் ஓடும் எண்ணெயை அளக்கும் ஓட்டமானி வாங்கிப் பொருத்த நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: போகும் வழியில் ஒன்று, வரும் வழியில் ஒன்று, இரண்டையும் கழித்தால்தான் எரிந்தது தெரியும். ஒன்றே ஒன்றைப் பொருத்தினால் அது அழகுப் பொருள்.

கேனில் கோடு பார்த்து லிட்டர் எடுக்காமல், தராசில் நிறுத்தோம். இரவு 8 மணி நேரம் ஏர்கோன் ஓடிய பிறகு எடை 6 கிலோ குறைந்திருந்தது. நம் ஊர்ச் சூட்டில் டீசல் லிட்டருக்கு 0.83 கிலோ என்று கொண்டால் 7.2 லிட்டர். மணிக்கு 0.9.

இப்போது மலையைப் பாருங்கள். நாலரை டன் வண்டியை 1,400 மீட்டர் தூக்க 62 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் பயன்படுகிறது என்று வைத்தால், ஏற்றத்துக்கான கூடுதல் செலவு 5 லிட்டர் சொச்சம். இறங்கும்போது கியரில் விட்டு வந்தால் அதிலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். முழு மலைக்கும் 5 லிட்டர். கடற்கரையில் ஒரே இரவுக்கு 7 லிட்டர். இரண்டு இரவு தங்கினால் 14. அதுவும் தெலுக் பாத்திக் போய் வருவது 340 கி.மீ.தான், கேமரன் 480. குறைந்த தூரத்தின் தலையில் அதிக இரவுச் செலவு விழுகிறது.

மொத்தக் கணக்கு

பெருக்கெண்ணும் இரவுக் கணக்கும் கையில் வந்த பிறகு, கோலாலம்பூர் உட்பட அவர்கள் வழக்கமாகப் போகும் பயணங்களைச் சேர்த்து ஒரே நீண்ட கணக்காக எழுதச் சொன்னேன். ஜெனரேட்டரில் மணி காட்டும் சிறு மீட்டர் ஒன்றையும் பொருத்தினார்கள்.

மீட்டர் காட்டியது 1,962 கி.மீ. ஊற்றியது 331.4 லிட்டர். நேராக வகுத்தால் 5.92, சாரைப் பயமுறுத்திய அதே எண் வகை. தூரத்தை 1.0246-ஆல் பெருக்கினால் 2,010. ஜெனரேட்டர் ஓடியது 22 மணி நேரம், 19.8 லிட்டர், அதைக் கழித்தால் சக்கரத்துக்கு 311.6. லிட்டருக்கு 6.45 கி.மீ. வேறு விதமாகச் சொன்னால் 100 கி.மீ.க்கு 15.5 லிட்டர்.

இதை எவ்வளவு நம்பலாம்? இரண்டு முனைகளிலும் 2 லிட்டர் வீதம் தவறியிருந்தால் 1.3 விழுக்காடு. பம்ப் 0.5. பெருக்கெண் 0.4. ஜெனரேட்டர் கணக்கு பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மொத்தத்தில் 0.6. எல்லாம் ஒரே பக்கமாகத் தப்பினாலும் 6.3-க்கும் 6.6-க்கும் நடுவில்தான் உண்மை இருக்கும். இரண்டாம் தசமத்தை நான் எழுதுவது அடுத்த கணக்கோடு ஒப்பிட. பேசும்போது ஆறரைக்குக் கொஞ்சம் கீழே என்றாலே சரியாக இருக்கும். ஒரே ஒரு தடவை 30 லிட்டர் ஊற்றிவிட்டு “6.87” என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

நாலரை டன் எடையும் பெட்டி மாதிரி முகமும் உள்ள பழைய வண்டிக்கு 6.45 குறை சொல்ல முடியாத எண். நெடுஞ்சாலையில் சார் 80-85-இல் போகிறார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும்; 80-லிருந்து 90-க்குப் போனாலே அது 27 விழுக்காடு கூடிவிடும். கால் கொஞ்சம் கனமாக இருந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது.

இஞ்செக்டர் மாற்றும் யோசனை கைவிடப்பட்டது. தெளிப்பு எப்படி இருக்கிறது என்று சோதனை மட்டும் செய்யச் சொல்லியிருக்கிறேன். மாற்றுவதோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. 3 வெள்ளி 35 காசு விலையில் ஓர் இரவு ஏர்கோனுக்கு 24 வெள்ளி ஆகிறது என்று தெரிந்ததும், டீச்சர் மின்சார இணைப்பு தரும் முகாம்களின் வாடகையை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். 24-க்குக் கீழே கிடைத்தால் அங்கேதான்.

நோட்டில் இப்போது நான்கு பத்திகள்: மீட்டர் எண், லிட்டர், நிரம்பியதா இல்லையா, ஜெனரேட்டர் மணி. வெள்ளிக்கு இடமில்லை. கோஸ்டரின் மீட்டர் பின்சக்கரத்தோடு சேர்ந்து ஓடுவது, அதனால் பின் டயர்கள் தேய்ந்து புதியவை போடும்போது ஜூருவுக்குத் தெற்கே அந்த 50 கி.மீ. சோதனையை மறுபடி செய்து பெருக்கெண்ணைத் திருத்த வேண்டும். முன் டயர் மட்டும் மாறினால் தேவையில்லை.